பழைய காருக்கு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பேட்டரியை வண்டியின் ஒயரிங்கிலிருந்து துண்டித்து வைக்க ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதைப் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பேட்டரி முனையிலேயே மாட்டும் பச்சைக் குமிழ் போதும் என்பார் ஒருவர். லாரிக்குப் போடும் சிவப்புச் சாவி சுவிட்ச்தான் உழைக்கும் என்பார் எலக்ட்ரீஷியன். ரேஸ் காரில் வரும் ஆறு முனை சுவிட்ச் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். போதாக்குறைக்கு ரிமோட்டில் இயங்குவதும் இப்போது கிடைக்கிறது.

இந்த நான்கும் நாலு வேறு பிரச்சினைக்கான தீர்வுகள். அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டிக்கு எந்தப் பிரச்சினை என்பதை முடிவு செய்துவிடுங்கள். சுவிட்ச் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## எதற்காகத் துண்டிக்கிறோம்?

முதல் காரணம், பேட்டரி இறங்கிப்போவது. பதிவாகி 50 ஆண்டு கடந்த வாகனங்களை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று எடுக்கலாம். மற்ற நாளெல்லாம் ஷெட்டில்தான். அப்படி நிற்கும் வண்டியில் ஸ்டீரியோவோ அலாரமோ 50 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும், ஒரு மாதத்தில் 36. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதற்கு மேல் செல்ஃப் எடுக்காது. காலி நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரியும் வீணாகும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்தச் சாதனமும் பிற்பாடு மாட்டாத, டைனமோ (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் பழைய வகை ஜெனரேட்டர்) வைத்த பழைய வண்டியில் சாவியை எடுத்த பிறகு ஏறக்குறைய எதுவுமே இழுக்கக் கூடாது. இழுக்கிறது என்றால் கோளாறு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சுவிட்ச் போடுவது நோயை மூடி வைப்பதுதான். இன்னொன்று, சுவிட்ச் போட்டாலும் பேட்டரி தனக்குள்ளேயே மெல்ல இறங்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலில் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவதை எந்த சுவிட்சும் மிச்சப்படுத்தாது.

இரண்டாவது காரணம் தீ. என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும். துணி சுற்றிய ரப்பர் ஒயர்கள் ஐம்பது அறுபது ஆண்டில் காய்ந்து உதிர்கின்றன. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் ஃபியூஸே கிடையாது. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கும் அம்மீட்டருக்கும் போகும் தடித்த ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும். டைனமோ வண்டிக்கு என்றே ஓர் ஆபத்தும் உண்டு. ரெகுலேட்டர் பெட்டிக்குள், எஞ்சின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து பிரித்துவிட வேண்டிய கட்-அவுட் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் நின்ற பிறகு பேட்டரி டைனமோ வழியாகவே காலியாகும். டைனமோ சுட்டு, ஒயர் சுட்டு, புகை வரும். சாவியைத் திருப்பினால் நிற்காது, பேட்டரியைத் துண்டித்தால்தான் நிற்கும். செல்ஃபுக்குக் கரண்டை இணைத்துவிடும் சாலினாய்டு ஒட்டிக்கொண்டு சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருப்பது இதே ரகம்.

மூன்றாவது, ஓடும்போதே எஞ்சினையும் கரண்டையும் ஒரே அடியாக நிறுத்துவது. விபத்து நேரத்துக்கும் பந்தயத்துக்குமான தேவை இது. சாதாரண சுவிட்ச் இதைச் செய்யும் என்று நம்புபவர்கள் அதிகம், ஆனால் செய்யாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தாலும் டைனமோ, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பாட்டுக்கு ஓடும். டைனமோவுக்குப் பதில் பிற்காலத்தில் வந்த ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியில் நிலைமை இன்னும் மோசம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி காணாமல்போனால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகளைச் சுட்டுவிடக் கூடும்.

நான்காவதாகத் திருட்டைச் சொல்கிறார்கள். அதைப் பற்றி அந்தந்த சுவிட்சின் கீழே பார்ப்போம்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வோல்டேஜ் இழப்பு. செல்ஃப் சுற்றும்போது 12 வோல்ட் வண்டி 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சுவிட்சிலும் மூட்டுகளிலும் சேர்த்து வெறும் 1 மில்லி ஓம் தடை இருந்தால் 0.2 வோல்ட் போய்விடும், 40 வாட் சூடாக மாறும். 6 வோல்ட் வண்டியில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் தேவை. அங்கே இழப்பு 0.4 வோல்ட், அதுவும் ஆறிலிருந்து. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் பெரும்பாலும் 6 வோல்ட்தான். இந்த வண்டிகளுக்கு மலிவான சுவிட்ச் போடுவது செல்ஃப் எடுக்காத வியாதியைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

எர்த் எந்தப் பக்கம்? பேட்டரியின் இரு முனைகளில் ஒன்றை வண்டியின் பாடியோடு இணைப்பதுதான் எர்த். மாரிஸ் மைனர், 1967 வரையிலான எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டர் மாற்றும்போது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்ட வண்டிகளும் ஏராளம். புத்தகத்தை நம்பாமல் பேட்டரியின் எந்த முனையிலிருந்து பட்டை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். 'நெகட்டிவ்வில் போடு' என்ற அறிவுரையின் அர்த்தம் 'எர்த்தில் போடு' என்பதுதான். எர்த் பக்கம் போட்டு அமர்த்திவிட்டால் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது, புதிதாக உயிருள்ள ஒயர் எதையும் வண்டிக்குள் இழுக்க வேண்டியதும் இல்லை.

கைக்கு எட்டுமா? பானெட்டைத் திறந்து, கம்பியை நிறுத்தி, பிறகுதான் எட்ட முடியும் என்றால் அது தீயணைக்க உதவாது. பேட்டரியைக் காப்பாற்ற மட்டும்தான்.

துளை போடலாமா? பழைய வண்டிகளுக்கான போட்டியில் நடுவர் முன் நிற்கும் வண்டியின் தகட்டில் 20 மி.மீ. துளை போட்டுவிட்டால் பிறகு அதை அடைப்பதற்கு வெல்டிங்கும் பெயின்ட்டும் வேண்டும். சுவிட்சின் உண்மையான விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஸ்பேனரால் கழற்றுவது

செலவு இல்லை, கூடுதல் மூட்டு இல்லை, வோல்டேஜ் இழப்பு இல்லை. ஆண்டில் இரண்டு முறை மட்டும் எடுக்கும் வண்டிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வாராவாரம் செய்தால் ஈய முனை தேயும், கவ்வி தளரும். கழற்றிய பட்டை தானாக வளைந்து மறுபடி முனையைத் தொடாதபடி ஓரமாகக் கட்டி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

## முனையில் மாட்டும் குமிழ் சுவிட்ச்

பேட்டரி முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் உட்காரும். குமிழைத் தளர்த்தினால் தொடர்பு விடும், கையோடு எடுத்துக்கொண்டும் போகலாம். சில நூறு ரூபாய். துளை வேண்டாம், புதுக் கேபிள் வேண்டாம், போட்டி நாளன்று கழற்றிவிட்டால் இருந்த தடயமே தெரியாது.

வாங்கும்போது தெரியாத சங்கதிகள் பிறகு வரும். பித்தளை என்று விற்பதில் நிறைய முலாம் பூசிய துத்தநாக வார்ப்பு. அழுத்தி இறுக்கினால் விரிசல் விடும். குமிழின் திருகு அதிர்வில் தளரும், தளர்ந்தால் சுடும். பேட்டரியின் உயரத்தை இது சில சென்டிமீட்டர் கூட்டுவதால் பானெட் மூடும்போது இடிக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்துச் சோதியுங்கள். சன்னமான முனை உள்ள பேட்டரியைப் பழைய வண்டியில் வைத்திருப்பவர்களுக்குச் சரியான அளவு கிடைப்பதும் கஷ்டம். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாசிட்டிவ் முனை நெகட்டிவ்வைவிடச் சற்றுத் தடிமன், நெகட்டிவ்வுக்கென்று செய்த கவ்வி அதில் இறங்காது.

பெரிய ஆட்சேபம் வேறு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். இந்த சுவிட்சோ பொறி விடும் இடத்தை அதே பேட்டரியின் தலைமேல் வைக்கிறது. பானெட்டுக்குள் காற்றோட்டம் இருப்பதால் அம்பாசடர், பத்மினிக்கு இது பெரிய பயமில்லை. பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஆரம்பகால எம்.ஜி.பி.யில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால். அங்கே நான் இதைப் போட மாட்டேன். பீட்டிலில் சீட்டின் ஸ்பிரிங் முனையைத் தொட்டுத் தீப்பிடிப்பது பழைய கதை. அந்த இடைவெளியை மேலும் குறைப்பானேன்?

குமிழை எடுத்துப் போனால் அவசரத்துக்கு வண்டியைக் கிளப்புபவனைக் கொஞ்ச நேரம் தடுக்கலாம். ஸ்பேனர் வைத்திருக்கும் திருடனுக்கு அது ஒரு நிமிட வேலை.

## சிவப்புச் சாவி போட்ட சுழல் சுவிட்ச்

லாரி, டிராக்டர், படகில் வரும் வகை. பெரும்பாலான டைனமோ வண்டிகளுக்கு என் தேர்வு இதுதான், ஒரே நிபந்தனையோடு: கண்ணில் பட்ட முதல் மலிவுச் சரக்கை வாங்கக் கூடாது.

ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு சுவிட்சுகளில் ஒன்று 100 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும், இன்னொன்று 300-ஐத் தாங்கும். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண் சில விநாடிக்கான உச்ச அளவாக இருக்கலாம். தொடர் அளவு எவ்வளவு, செல்ஃப் அளவு எவ்வளவு என்று இரண்டையும் தனியாகக் கேளுங்கள். சொல்லத் தெரியாத சரக்கை அங்கேயே வைத்துவிடுங்கள். கையில் ஒரு காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. போல்ட் முனையில் ஒட்டினால் அது இரும்பு, செம்போ பித்தளையோ இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் லாரிக்கான சுவிட்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். எடையே பாதி கதையைச் சொல்லிவிடும்.

மறைந்திருக்கும் செலவு கேபிளில். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு ஒன்று, சுவிட்சிலிருந்து பாடிக்கு ஒன்று. 12 வோல்ட் வண்டிக்கு 35 சதுர மி.மீ. செம்பு, 6 வோல்ட்டுக்கு 70. இரண்டு முனையிலும் போல்ட்டில் மாட்டும் உலோகக் காதான திம்பிளைச் சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கருவியில் அழுத்தி வாங்க வேண்டும். வெல்டிங் கேபிள் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. அதன் உறைக்கு எண்ணெயும் பெட்ரோலும் ஆகாது என்பதால் மேலே ஒரு குழாய் உறை போட்டுவிடுங்கள். எல்லாம் சேர்த்தால் கேபிள் செலவு சுவிட்ச் விலையைத் தாண்டிவிடும், அதில் ஆச்சரியமில்லை.

பொருத்தும் இடம்: ஓட்டுநர் கால்பக்கம், அல்லது சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே. தகட்டைத் துளைக்க மனமில்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஒன்றில் இரும்புப் பட்டை வளைத்துத் தாங்கி செய்துகொள்ளலாம். பிற்காலத்தில் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

சாவியை எடுத்துப் போவதால் திருட்டு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகைச் சாவிகள் பெரும்பாலும் ஒரே வெட்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

## ஆறு முனை சுவிட்ச்

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளை ஒட்டி வந்தது. பெரிய முனைகள் இரண்டும் பேட்டரிக்கு. சிறிய முனைகளில் ஒரு ஜோடி இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும், அதனால்தான் எஞ்சின் நிற்கிறது. மற்ற ஜோடி அதே நேரத்தில் மூடிக்கொண்டு, ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்கும் சக்தியை 3 ஓம், 11 வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு வடித்துவிடும். டயோடுகள் பிழைக்கும்.

ஓடும் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆல்டர்னேட்டருக்கு மாறிய அம்பாசடரை ராலிக்கு எடுத்துப் போகிறவர், வெளியிலிருந்து யாராவது ஓடி வந்து நிறுத்த முடிய வேண்டும் என்று நினைப்பவர், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் போட்ட ஸ்டிக்கரையும் அருகில் ஒட்டுங்கள். டைனமோ வண்டிக்கு ரெசிஸ்டர் பக்கம் தேவையில்லை, இக்னிஷன் துண்டிப்பு மட்டும் உள்ள நாலு முனை வகை போதும்.

இதற்கான விலை பணமாக மட்டும் வராது. வழக்கமாக இதை உயிருள்ள பக்கத்தில் போடுவார்கள். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை, மறுபடி அங்கிருந்து செல்ஃபுக்கு, ஃபியூஸே இல்லாத தடித்த கேபிள் தகட்டுத் துளைகள் வழியாக நுழைந்து வெளியேற வேண்டும். தீக்குப் பயந்து போடும் சுவிட்ச் தீக்கான புதுப் பாதையைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம், ஒவ்வோர் அரையடிக்கும் கவ்வி என்று நிதானமாகச் செய்யும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். ஷெட்டில் நிற்பதற்கென்றே இருக்கும் வண்டிக்கு இது வீண் வேலை.

## ரிமோட் சுவிட்ச்

வசதிதான். உள்ளே உட்கார்ந்தபடியே அமர்த்தலாம், ஒளித்து வைத்தால் திருட்டுக்கும் ஓரளவு தடை. ஆனால் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவரே எப்போதும் கொஞ்சம் இழுக்கும். 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3.6 ஆம்பியர்-மணி, அது பரவாயில்லை. பயம் வேறு இடத்தில். மலிவான ரிலே இரவில் நெடுஞ்சாலையில் தானாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் நீங்கள் அழுத்துவதும் பலிக்காது. வயதான வண்டியில் எலக்ட்ரானிக்ஸைக் கூட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பானெட்டைத் தூக்க முதுகு இடம் தராதவர்களுக்கு மட்டும் சொல்வேன், அதுவும் ஒருமுறை இயங்கிய பிறகு கரண்ட் இழுக்காமல் அதே நிலையில் நிற்கும் ரிலே வகையை.

## ஒரே பார்வையில்

| | ஸ்பேனர் | குமிழ் | சுழல் சாவி | ஆறு முனை | ரிமோட் |
|---|---|---|---|---|---|
| செலவு | இல்லை | மிகக் குறைவு | நடுத்தரம், கேபிள் தனி | அதிகம், கூலி தனி | நடுத்தரம் |
| பேட்டரி இறங்காமல் இருக்க | ஆம் | ஆம் | ஆம் | ஆம் | பெரும்பாலும் |
| உள்ளிருந்து எட்டுமா | இல்லை | இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| ஓடும் எஞ்சினை நிறுத்துமா | இல்லை | இல்லை | இல்லை | ஆம் | இல்லை |
| 6 வோல்ட்டுக்கு | மிக நன்று | தவிர்க்கவும் | உயர்தரம் மட்டும் | பார்த்து வாங்கவும் | தவிர்க்கவும் |
| வண்டியில் தடயம் | இல்லை | இல்லை | தாங்கி வைத்தால் இல்லை | உண்டு | சிறிது |

## பொருத்தும்போது

சுவிட்சை எர்த் பக்கம் போடுகிறவர்கள் முதலில் பேட்டரியின் எர்த் முனையில் எத்தனை ஒயர் இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஸ்டீரியோ, ஏர்-ஹாரன், அலாரம் மாட்டியவர்கள் தங்கள் எர்த் ஒயரை நேராக பேட்டரி முனையிலேயே சொருகியிருப்பார்கள். அதை விட்டுவிட்டால் சுவிட்ச் அமர்ந்திருந்தாலும் சுற்று முழுமையாகத்தான் இருக்கும். யாராவது சாவியைத் திருப்பினால் செல்ஃபின் 200 ஆம்பியரும் அந்த மெல்லிய ஒயர் வழியாகப் பாயப் பார்க்கும். சில விநாடியில் அது பழுத்துவிடும். இப்படிப்பட்ட ஒயர்கள் எல்லாவற்றையும் சுவிட்சுக்கு அந்தப் பக்கம், பாடியில் மாற்றுங்கள்.

அடுத்து, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால் செல்ஃபின் கரண்ட் திரும்பி வர இதுதான் வழி. இது துருப்பிடித்திருந்தால் கரண்ட் சோக் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் தேடிப் போகும். சோக் கம்பி சுடுகிறதென்றால் காரணம் இதுதான். சுவிட்ச் போடும் நாளிலேயே இதையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.

கடிகாரம் நிற்கக் கூடாது என்பவர்கள் சுவிட்சின் இரு முனைக்கும் குறுக்கே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். சுவிட்ச் அமர்ந்திருக்கும்போது கடிகாரம் ஓடும், யாராவது செல்ஃப் அடித்தால் ஃபியூஸ் போகும். ஆனால் அந்த 5 ஆம்பியர் வரைக்கும் பழைய ஒயரில் உயிர் இருந்துகொண்டேதான் இருக்கும். தீக்காகவே சுவிட்ச் போடுகிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிடலாம்.

வேலை முடிந்ததும் சோதனை. சுவிட்சை அமர்த்திவிட்டு ஹாரன், லைட் எதுவும் வரக் கூடாது. பிறகு சுவிட்சைப் போட்டு, எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் ஈய முனையில் நேராகவும் இன்னொன்றை பாடியின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் சரி. 0.5-ஐத் தொட்டால் எங்கோ மூட்டு சரியில்லை. மீட்டர் முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்திக்கொண்டு போனால் எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அதைக் கழற்றி, சுரண்டி, மறுபடி இறுக்க வேண்டும். ஆறு முனை சுவிட்சுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு சுவிட்சைத் திருப்புங்கள், உடனே நிற்க வேண்டும். மற்ற சுவிட்சுகளில், குறிப்பாக ஆல்டர்னேட்டர் வண்டியில், இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.